டவுன்டவுன் பெருசா இருந்தா போதுமா? கார் இல்லாம குடி போறவங்களுக்கு நாலு அமெரிக்க ஊர் ஒப்பீடு

ஒரு ஞாயித்துக்கிழமை காலைல மாமா பையன் போன் பண்ணான். "அண்ணே, கம்பெனில நாலு ஊரக் குடுத்து எது வேணுமோ எடுத்துக்கன்னுட்டாங்க, ஹூஸ்டன், சிகாகோ, சியாட்டில், பிலடெல்பியா, வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லணும், இதுல எதுண்ணே பெரிய டவுன்டவுன்?"னு கேட்டான். சம்பளம் நாலுக்கும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், ஆபீஸும் நாலு ஊர்லயும் டவுன்டவுன்லயே, அதாவது ஆபீஸும் கடையும் நெறஞ்ச நடு ஊர்லயே இருக்கு. அவன் போட்ட கண்டிஷன் ரெண்டு. மொத ஒரு வருஷம் கார் வாங்க மாட்டான், அத விட முக்கியம் அவன் வீட்டுக்காரி எச்4ல (வேலை விசால வர்றவங்க மனைவிக்குக் குடுக்குற விசா) வர்றா, லைசென்ஸ் கிடையாது, இவன் ஆபீஸ் போயிட்டா பகல் பூரா நாலு சுவத்துக்குள்ள அடைஞ்சு கிடக்கக் கூடாது, காலாற நடந்து போயி காய்கறி வாங்க, ஒரு பார்க்குல உக்கார, நாலு மனுச மூஞ்சியப் பாக்க வழி இருக்கணும்.

நான் ஹூஸ்டன்ல ரெண்டு வருஷம், சிகாகோல நாலு வருஷம் குப்பை கொட்டிருக்கேன், மத்த ரெண்டு ஊருக்கும் ப்ராஜெக்ட்டுக்காக வாரக்கணக்குல போயி தங்கிருக்கேன். அதனால அவன்கிட்ட மொதல்ல சொன்னது, எது பெருசுன்னு கேக்காத, எங்க போயி முடியுதுன்னு கேளுன்னு. அவனுக்குப் புரியல. போன்ல சொன்னத அப்புறம் கொஞ்சம் வெலாவாரியா எழுதி அனுப்பினேன், அதே கேள்வியோட இன்னும் நாலு பேர் வர்றதால இங்கயும் போடுறேன்.

மொதல்ல பேர்லயே குழப்பம் இருக்கு. டவுன்டவுன்ங்கற வார்த்தையே நியூயார்க்ல மேன்ஹாட்டன் தீவோட கீழ்ப்பக்கத்தச் சொல்ல வந்தது, மேப்ல தெக்க இருக்கறதால டவுன். அப்புறம் எல்லா ஊரும் அத எடுத்துக்கிச்சு, சில ஊரு எடுத்துக்கல. பிலடெல்பியாக்காரங்க சென்டர் சிட்டிம்பாங்க, சிகாகோல லூப், நியூ ஆர்லியன்ஸ்ல சிபிடி (சென்ட்ரல் பிசினஸ் டிஸ்ட்ரிக்ட்), ஷார்லட்ல அப்டவுன்னே பேரு வச்சுட்டாங்க, அங்க போயி டவுன்டவுன் எங்கன்னு கேட்டா சிரிப்பாங்க. பேர விடுங்க, எல்லைக் கோடு இன்னும் மோசம். அங்கங்க இருக்குற வியாபாரிங்க சங்கம் ஒவ்வொண்ணும் தனக்கு வசதியா ஒரு கோடு போட்டு எங்க டவுன்டவுன்ல இத்தன பேர் குடியிருக்காங்கன்னு எண்ணிக்கை விடும். சிகாகோ லூப்னு அந்த ஒரு ஏரியாவ மட்டும் எண்ணுனா 2020 சென்சஸ்ல 42,298 பேரு. ஆத்தத் தாண்டி ஒட்டுனாப்ல இருக்குற நியர் நார்த் சைடச் சேத்தா இன்னொரு 1,05,481. ரெண்டுமே டவுன்டவுன்தான், நடுவுல ஒரு பாலம், அவ்வளவுதான். பிலடெல்பியாலயும் அதே கத, ரெண்டு ஆத்துக்கு நடுவுல உள்ள பழைய ஊர மட்டும் எண்ணுறதா, இல்ல வடக்க ஜிரார்டு அவென்யூல இருந்து தெக்க டாஸ்கர் ஸ்ட்ரீட் வரைக்கும் எண்ணுறதாங்கறதப் பொறுத்து நம்பர் மடங்கு மடங்கா மாறும். அதனால ரெண்டு ஊரு எண்ணிக்கைய பக்கத்துல பக்கத்துல வச்சு இது பெருசு அது சிறுசுன்னு யாராச்சும் சொன்னா, எந்தக் கோட்டுக்குள்ளன்னு ஒரு கேள்வி கேட்டுடுங்க.

அடர்த்தின்னு வந்தா இன்னொரு ஏமாத்து இருக்கு, சராசரி. நம்ம ஆளுங்க நிறைய பேருக்கு இது தெரியாது, 2010 சென்சஸ்ல சுத்துப்பட்டு எல்லாம் சேத்த நகர்ப்பகுதியா எடுத்துப் பாத்தா சதுர மைலுக்கு லாஸ் ஏஞ்சலஸ்ல கிட்டத்தட்ட 7,000 பேரு, நியூயார்க்ல 5,300 சொச்சம்தான். அதாவது கணக்குப்படி லாஸ் ஏஞ்சலஸ்தான் நெருக்கமான ஊரு! ரெண்டு ஊரையும் பாத்தவன் நம்புவானா? விஷயம் என்னன்னா லாஸ் ஏஞ்சலஸ் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சுமாரா நெருக்கம், சின்னச் சின்ன மனையா வீட்ட வீட்ட ஒட்டிக் கட்டி மலை வரைக்கும் கொண்டு போயிட்டாங்க. நியூயார்க்ல நடுவுல மேன்ஹாட்டன் ஒரு 23 சதுர மைலுக்குள்ள 16.9 லட்சம் பேரு, அதாவது சதுர மைலுக்கு 74,000, ஆனா சுத்தி நியூஜெர்சி லாங் ஐலண்டு பக்கம் ஏக்கர் கணக்குல புல்லு வெட்டிக்கிட்டு இருக்கான், அது சராசரிய கீழ இழுத்துடுது. நீங்க குடி போறது சராசரில இல்ல, ஒரு தெருவுல.

அடுத்து உயரம். கட்டடம் உசரமா இருந்தா ஊரு நெருக்கம்னு ஒரு நெனப்பு நம்மகிட்ட இருக்கு, போட்டோவப் பாத்தே முடிவு பண்ணிடுறோம். வாஷிங்டன் டிசிய எடுத்துக்கங்க, 1894ல கெய்ரோன்னு ஒரு அபார்ட்மெண்ட் 164 அடிக்குக் கட்டப் போயி அக்கம்பக்கத்துக்காரங்க கொதிச்சுப் போயி, அதுல ஆரம்பிச்ச சட்டம் 1910ல கெட்டியாச்சு, தெருவோட அகலத்த வச்சுத்தான் கட்டடத்தோட உசரம்னு, பெரும்பாலும் 130 அடிக்கு மேல போகாது. பத்துப் பன்னெண்டு மாடிதான். ஆனா மனைய ஓரத்துல இருந்து ஓரம் வரைக்கும் நெறச்சுக் கட்டியிருக்கான், காலி எடமே இல்ல, நாட்டோட பெரிய ஆபீஸ் டவுன்டவுன்கள்ல அதுவும் ஒண்ணு. எதுத்தாப்ல சான் ஹோசே, பத்து லட்சம் பேரு உள்ள ஊரு, ஏர்போர்ட்டு டவுன்டவுனுக்குப் பக்கத்துலயே இருக்கு, பிளேன் தலைக்கு மேல எறங்குறதால முன்னூறு அடிய ஒட்டி நிறுத்திக்கணும், ஆனா அங்க டவுன்டவுன் சப்புன்னு இருக்கறதுக்கு உசரம் கொறஞ்சது காரணம் இல்ல, வேல எல்லாம் சுத்தி இருக்குற கேம்பஸ்ல சிதறிக் கிடக்குறதுதான் காரணம். லாஸ் ஏஞ்சலஸ்ல 1957 வரைக்கும் 150 அடிதான் அனுமதி, 1928ல கட்டுன சிட்டி ஹால் மட்டும் விதிவிலக்கு. ஆக உசரம்ங்கறது சட்டத்தச் சொல்லும், ஏர்போர்ட்டச் சொல்லும், தெருவுல ஆள் இருக்கானான்னு சொல்லாது.

சரி இப்ப ஹூஸ்டன். இங்கதான் நான் அடி வாங்குனேன், அதனால நீட்டி எழுதுறேன், பொறுத்துக்கங்க.

நான் வந்து எறங்குனது ஒரு சனிக்கிழம, ஆகஸ்ட் மாசம். ஏர்போர்ட்ல இருந்து வரும்போது தூரத்துல அந்த ஸ்கைலைனப் பாத்து வாயப் பொளந்துட்டேன், 75 மாடில ஒண்ணு நிக்குது, ஜேபி மோர்கன் சேஸ் டவர், 1982ல முடிச்சது, ஆயிரம் அடிக்கு ரெண்டடி மேல, சுத்தி அதே மாதிரி ஒரு கூட்டமே நிக்குது. ஆகா இதுதான்டா ஊருன்னு டவுன்டவுனுக்குள்ளயே ஒரு அபார்ட்மெண்ட் எடுத்தேன். சாயங்காலம் சாப்பிடலாம்னு எறங்கி நடந்தேன். ஒரு பிளாக்கு (ஒரு முக்குல இருந்து அடுத்த முக்கு வரைக்கும்), ரெண்டு பிளாக்கு, அஞ்சு பிளாக்கு. ஒரு ஈ காக்கா இல்ல. கண்ணாடிக் கட்டடம், பூட்டுன கதவு, அடுத்தது பார்க்கிங் கராஜ், அடுத்தது வெறும் தார் போட்ட பார்க்கிங் லாட்டு, அதுல ஒரே ஒரு கார். சிக்னல் மட்டும் யாருக்கோ மாறிக்கிட்டே இருக்கு. செருப்பு தார்ல ஒட்டுது. திரும்பி வந்து ரூம்ல ஊர்ல இருந்து கொண்டு வந்த முறுக்கத் தின்னுட்டுப் படுத்தேன்.

திங்கக்கிழம ஆபீஸ் போனதும் பக்கத்து சீட்டுக்காரர் மத்தியானம் வாங்க சாப்பிடலாம்னு கூட்டிட்டுப் போயி எஸ்கலேட்டர்ல கீழ எறக்குறாரு. கீழ பாத்தா திருவிழாக் கூட்டம்! டனல். தெருவுக்கு ஒரு இருபது அடி கீழ ஆறு மைலுக்கு மேல ஓடுது, 95 பிளாக்க இணைக்குது, உள்ள சாப்பாட்டுக் கடை, முடிவெட்டுற கடை, பல் டாக்டர், ஷூ பாலிஷ் வரைக்கும் இருக்கு, ஏசி குளுகுளுன்னு. பதினொன்றரைல இருந்து ஒன்றரை வரைக்கும் நிக்க எடம் இருக்காது. சாயங்காலம் ஆறு மணி ஆச்சுன்னா மூடிருவான். சனி ஞாயிறு கிடையாது. ஊரோட உசிர மண்ணுக்கடியில புதைச்சு வச்சுட்டு மேல தெருவச் சும்மா காருக்கு விட்டுட்டாங்க, வெயில் அப்படி, அதக் குத்தம் சொல்லிப் பிரயோஜனம் இல்ல.

இப்ப கணக்கப் பாருங்க. ஹூஸ்டன் டவுன்டவுன் பரப்பு 1.84 சதுர மைல். சிகாகோ லூப் அதவிடச் சின்னது, 1.6 சுமாருக்குத்தான் வரும். அப்ப எது பெரிய டவுன்டவுன்? ஹூஸ்டன்தான். ஒன்றரை லட்சம் பேரு வேலைக்கு வர்றாங்க. ஆனா ராத்திரி தங்குறவங்க பத்தாயிரத்துக்குக் கொஞ்சம் மேல, சதுர மைலுக்கு ஆறாயிரம் பேருன்னு வச்சுக்கங்க. லூப்ல சதுர மைலுக்கு 26,000, நியர் நார்த் சைடுல 38,000, 39,000 வரும். பாக்க ஒரே மாதிரி ரெண்டு ஸ்கைலைன், ஒண்ணுல ஆபீஸ் ஆளுங்க மட்டும், இன்னொண்ணுல குடும்பம் குட்டியோட ஆளுங்க.

அதவிடப் பெரிய விஷயம் ஓரம், அதான் மொதல்ல நான் சொன்ன எங்க போயி முடியுதுங்கற கேள்வி. ஹூஸ்டன் டவுன்டவுன மேப்ல பாத்தா ஒரு வேலி போட்ட மாதிரி இருக்கும், மேக்கயும் தெக்கயும் ஐ-45, கெழக்க ஐ-69, வடக்க ஐ-10, எல்லாமே ஃப்ரீவே, கார் மட்டும் வேகமாப் போற பெரிய நெடுஞ்சாலை. எந்தப் பக்கம் நடந்தாலும் இருபது இருபத்தஞ்சு நிமிசத்துல ஒரு ஃப்ரீவே வந்து நிக்கும். தெக்க மிட்டவுன் நல்லாத்தான் இருக்கு, கடையெல்லாம் இருக்கு, ஆனா அங்க போகணும்னா பியர்ஸ் எலிவேட்டடுன்னு 1960கள்ல தூக்கிக் கட்டுன ஃப்ரீவேக்கு அடியில நடக்கணும், பகல்லயே இருட்டு, மேல லாரி போற சத்தம் மண்டைக்குள்ள இறங்கும். ஒரு தடவ ஒரு கைல பாலு ஒரு கைல வெங்காயத்தோட அதுக்கடியில நடந்து வந்தேன், அன்னிக்குத்தான் கார் வாங்குறதுன்னு முடிவு பண்ணேன்.

ஹூஸ்டனுக்கு நியாயமா ஒண்ணு சொல்லணும். அங்க டவுன்டவுன் ஒண்ணு இல்ல, நாலஞ்சு. மேக்க அப்டவுன்ல 1983ல கட்டுன 64 மாடி வில்லியம்ஸ் டவர் நிக்குது, தெக்க மெடிக்கல் சென்டர் தனி ஊரு மாதிரி, லட்சத்துக்கு மேல ஆளு வேல பாக்குறாங்க, இன்னும் தள்ளி எனர்ஜி காரிடார். எந்த எடத்துல என்ன கட்டலாம்னு பிரிக்கிற ஜோனிங் சட்டமே இல்லாத ஊரு, அதனால எல்லாம் பிரிஞ்சு போச்சு. 2004ல வந்த ரெட் லைன் ரயிலு டவுன்டவுனையும் மெடிக்கல் சென்டரையும் சேக்குது, அந்த லைன்ல வீடு எடுத்தா ஓரளவு தாக்குப் பிடிக்கலாம். ஆனா பியர்லேண்டுல இருக்குற மீனாட்சி கோயிலுக்கோ ஹில்க்ராஃப்ட் மளிகைக்கோ போகணும்னா காரு இல்லாம ஒண்ணும் நடக்காது.

இதுல ஒரு வேடிக்க என்னன்னா பிளாக்கு சின்னதா இருந்தா நடக்க வசதின்னு எல்லாரும் சொல்லுவாங்க, உண்மதான், போர்ட்லண்டுல பிளாக்கு 200 அடிதான், ரெண்டு எட்டு வச்சா ஒரு முக்கு வந்துரும், வேடிக்க பாத்துக்கிட்டே போகலாம். சால்ட் லேக் சிட்டில 660 அடி பிளாக்கு, 132 அடி அகலத்துக்குத் தெரு, மாட்டு வண்டி திரும்புறதுக்காக அப்படி விட்டாங்கன்னு சொல்லுவாங்க, ரோட்டக் கிராஸ் பண்றதுக்கு முக்குல ஆரஞ்சுக் கொடி வச்சிருப்பான், அதக் கைல புடிச்சு ஆட்டிக்கிட்டே போகணும், நம்ம ரயில்வே கேட் கீப்பர் மாதிரி. ஆனா ஹூஸ்டன்லயும் பிளாக்கு 250 அடிதான்! சின்ன பிளாக்கு இருந்தும் தெருவுல ஆள் இல்ல, ஏன்னா அந்த பிளாக்குல நெறைய பார்க்கிங்கு.

சிகாகோவுக்கு வருவோம். எனக்குப் புடிச்ச ஊரு, அதனால கொஞ்சம் ஓரவஞ்சனை இருக்கும், கழிச்சுக்கங்க. 1897ல முடிச்ச அந்த இரும்பு ரயில் பாதை நடு ஊரச் சுத்தி வளையம் போடுது. வாபாஷ் அவென்யூல அதுக்கடியில நடந்தா வெயிலு கட்டம் கட்டமா ரோட்டுல விழுந்து கிடக்கும், ரயிலு வந்தா பேச்சு நின்னுரும், எதுத்தாப்ல நிக்கிறவன் வாய் அசையிறது மட்டும் தெரியும், போனதும் விட்ட எடத்துல இருந்து பேசுவோம். பழகிரும். ரெட் லைனும் ப்ளூ லைனும் ராத்திரி பூரா ஓடும், ப்ளூ லைன்ல ஏறுனா ஓ'ஹேர் ஏர்போர்ட், ஆரஞ்சு லைன்ல மிட்வே. ஊருக்குள்ள எங்க தொலைஞ்சாலும் ஸ்டேட் ஸ்ட்ரீட்டும் மேடிசனும் சேர்ற முக்குதான் பூஜ்யம், அங்கிருந்து பெரும்பாலும் வீட்டு நம்பர் எண்ணூறு கூடுனா ஒரு மைலு, வீட்டு நம்பரச் சொன்னாலே எவ்வளவு தூரம்னு கணக்குப் போட்டுரலாம்.

ஆனா நான் சொல்ல வந்த ஓரம் விஷயத்துல சிகாகோதான் பாடம். லூப்ல இருந்து வடக்க நடங்க, ஆறு வரும், பாலத்தத் தாண்டுனா ரிவர் நார்த், அப்புறம் கோல்டு கோஸ்ட், அப்புறம் லிங்கன் பார்க், நாலு மைலு நடந்தாலும் எங்கயும் அறுந்து போகாது, உசரம் மட்டும் மெல்ல மெல்லக் கொறையும், அம்பது மாடி இருபதாகி இருபது நாலாகி கடைசில மூணு மாடில நிக்கும், கடை கண்ணி மட்டும் நிக்காது. வடக்கயும் தெக்கயும் அப்படியே நடந்து போகலாம், கெழக்க ஏரி, மேக்க மட்டும்தான் கென்னடி எக்ஸ்பிரஸ்வே குறுக்க வருது, அதையும் தாண்டி வெஸ்ட் லூப் இன்னிக்கு நல்லா வளந்துருச்சு. லூப்புக்குள்ளயே குடி போகச் சொல்ல மாட்டேன், ஞாயித்துக்கிழம ராத்திரி அங்கயும் ஆபீஸ் தெருவெல்லாம் ஓஞ்சு போயிரும், கொரோனாவுக்கு அப்புறம் லாசால் ஸ்ட்ரீட் ஆபீஸ் கட்டடங்கள வீடா மாத்துற வேல நடக்குதுன்னா பாத்துக்கங்க. சவுத் லூப்ல ரூஸ்வெல்ட் ஸ்டேஷன் பக்கம் பாக்கச் சொன்னேன், டார்கெட், ஜூவல், ட்ரேடர் ஜோஸ்னு மூணு பெரிய கடையும் நடக்குற தூரம், மூணு லைன் ரயிலு. நம்ம சாமானுக்கு அங்கயே ரெட் லைன் புடிச்சு லயோலால எறங்கி 155ம் நம்பர் பஸ்ல ஏறுனா டெவான் அவென்யூ, கறிவேப்பிலையும் இட்லி அரிசியும் கைல. கோயிலுக்கு மட்டும், அரோரா பாலாஜியோ லெமாண்ட் கோயிலோ, யாராச்சும் கார்ல கூட்டிட்டுப் போகணும்.

குளிரப் பத்தி நான் மறைக்கல. ஜனவரில ஏரிக் காத்து அடிக்கிறப்ப பாலத்த நடந்து கடக்குறது ஒரு தண்டனை. பெட்வேன்னு அடியில ஒரு வழி இருக்கு, அஞ்சு மைலுன்னு சொல்லுவாங்க, ஆனா அது ஹூஸ்டன் டனல் மாதிரி ஒழுங்கா சேராது, நடுவுல ஒரு கதவு பூட்டியிருக்கும், மேல ஏறி குளிர்ல ஒரு ரோட்டத் தாண்டி மறுபடி எறங்கணும்.

சியாட்டில் கத வேற. மேக்க கடல், கெழக்க ஐ-5, நடுவுல அரை மைலு சொச்சம்தான் அகலம், அதனால டவுன்டவுன் வடக்கு தெக்கா ஒல்லியா நீண்டு போகுது. மேப்ல அரை மைலுன்னு பாத்து ஏமாறக் கூடாது, செங்குத்து! மேடிசன், ஜேம்ஸ் தெருவெல்லாம் படிக்கட்டு இல்லாத மலைக்கோட்டை மாதிரி. ஊர்க்காரங்க ஒரு கட்டடத்துக்குள்ள கீழ்த் தெருவுல நுழைஞ்சு லிஃப்டுல ஏறி மேல்த் தெரு வாசல்ல வெளிய வருவாங்க, நானும் ரெண்டாம் நாளே கத்துக்கிட்டேன். தெருக்கள் நடுவுல திடீர்னு கோணம் மாறும், ஊர உண்டாக்குன ஆளுங்க ஒத்துப் போகாம ஆளுக்கு ஒரு பக்கமா மனை போட்டதோட வெனை அது. மழை மழைன்னு பயமுறுத்துவாங்க, வருஷக் கணக்குல பாத்தா ஹூஸ்டன்ல சியாட்டில விட மழை அதிகம், இங்க அளவு கம்மி ஆனா நவம்பர்ல இருந்து வானம் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கும்.

ஐ-5 இங்கயும் ஊர வெட்டுது, டவுன்டவுனையும் கேப்பிட்டல் ஹில்லையும் பிரிச்சுப் போட்டுச்சு, 1976ல அது மேலயே ஃப்ரீவே பார்க்னு ஒரு பார்க்கக் கட்டி ஒரு எடத்துல ஒட்டுப் போட்டாங்க. கடல் பக்கம் இருந்த மேம்பாலத்த 2019ல எடுத்துட்டு ரோட்ட டனலுக்குள்ள எறக்குனதுல அந்தப் பக்கம் தொறந்துருச்சு, இப்ப பைக் பிளேஸ் மார்க்கெட்ல இருந்து தண்ணி வரைக்கும் நடந்தே எறங்கலாம். வடக்க பெல்டவுன், சவுத் லேக் யூனியன் வரைக்கும் அறுபடாமப் போகுது, அமேசான் வந்து அந்த ஏரியாவையே மாத்திருச்சு. லைட் ரயிலு ஏர்போர்ட்டுக்கும் போகும், கேப்பிட்டல் ஹில்லுக்கும் ஒரே ஸ்டாப்பு. ஒரு கஷ்டம், நம்ம ஆளுங்க பெரும்பாலும் ஏரிக்கு அந்தாண்ட பெல்வியூ, ரெட்மண்டு, பாதெல் பக்கம். வாடக நாலு ஊர்லயும் இங்கதான் ஒசத்தி, அதப் பத்திப் பேசுனாலே நெஞ்சு அடைக்கும்.

பிலடெல்பியாவ நான் ரொம்ப நாள் மதிக்கவே இல்ல, நியூயார்க்குக்கும் டிசிக்கும் நடுவுல ட்ரெயின் நிக்கிற ஊருன்னு நெனச்சிருந்தேன். அங்க ஆறு வாரம் தங்குனப்பதான் புரிஞ்சுச்சு. 1682ல வில்லியம் பென் போட்ட பிளான், டெலவேர் ஆத்துல இருந்து ஸ்கூல்கில் ஆறு வரைக்கும் ரெண்டு மைலு, நேர் கோடா தெரு, நாலு மூலைக்கு நாலு பார்க்கு, நடுவுல ஒண்ணு, அந்த நடு எடத்துலதான் இப்ப சிட்டி ஹால் நிக்குது, உச்சில பென் சிலை. அந்த சிலையோட தொப்பிக்கு மேல யாரும் கட்டக் கூடாதுன்னு எழுதாத ஒப்பந்தம் ஒண்ணு இருந்துச்சு, 548 அடி, 1987ல ஒன் லிபர்ட்டி பிளேஸ் கட்டித்தான் அத உடைச்சாங்க. அதுவரைக்கும் ஸ்கைலைன்னு சொல்லிக்கிற மாதிரி பெருசா எதுவும் இல்ல. ஆனா ஆளு இருந்தாங்க, அதான் விஷயம். மூணு மாடி ரோ ஹவுஸ், பதினஞ்சு பதினாறு அடி அகலம், ஒண்ணோட ஒண்ணு சுவரு ஒட்டி, தெருத் தெருவா. டவர் கட்டாமலே அடர்த்தி. மேன்ஹாட்டனுக்கு அடுத்து நடு ஊர்ல ஆளு குடியிருக்குற ஊருன்னா இதுவும் சிகாகோவும்தான் போட்டி போடும்.

ஓரம்? வடக்க வைன் ஸ்ட்ரீட்ல ஒரு ஃப்ரீவே பள்ளமா ஓடுது, கெழக்க ஆத்தோரம் ஐ-95. தெக்க சவுத் ஸ்ட்ரீட் மேலயும் க்ராஸ்டவுன் எக்ஸ்பிரஸ்வேன்னு ஒண்ணப் போட்டு நாலு பக்கமும் வேலி கட்டத்தான் பிளான் வச்சிருந்தாங்க, அந்தத் தெரு ஜனங்க வருஷக் கணக்குல சண்ட போட்டு 1970கள்ல அத ரத்து பண்ண வச்சாங்க. இன்னிக்கு சவுத் ஸ்ட்ரீட்ல நின்னு பாருங்க, வடக்க எது டவுன்டவுன் தெக்க எது வீட்டுத் தெருன்னு பிரிக்கவே முடியாது, நடந்துக்கிட்டே இத்தாலியன் மார்க்கெட் வரைக்கும் போயிரலாம், காய்கறி மலிவு. அந்த ரோடு மட்டும் வந்திருந்தா இதுவும் இன்னொரு ஹூஸ்டன் வேலிதான்.

குற இல்லாம இல்ல. குப்ப. ஊர்க்காரங்களே ஃபில்தடெல்பியான்னு (ஃபில்த்னா அழுக்கு) கிண்டல் பண்ணுவாங்க. ராத்திரி சில ஏரியா சரி இல்ல, தெருவுக்குத் தெரு மாறும், ஒரு தடவ போயி நடந்து பாக்காம வீடு எடுக்கக் கூடாது. அப்புறம் வரி, இதப் பையன் யோசிக்கவே இல்ல. டெக்சஸ்லயும் வாஷிங்டன் ஸ்டேட்லயும் சம்பளத்துக்கு மாநில வரி கிடையாது, இல்லினாய்ல 4.95 சதவீதம், பென்சில்வேனியால 3.07, அதுக்கு மேல பிலடெல்பியா ஊருக்குன்னு தனியா வேஜ் டேக்ஸ் சுமார் 3.75, ஆக நாலுலயும் அதிகமா வெட்டுறது இங்கதான். ஆனா ஹூஸ்டன்ல மிச்சம் புடிக்கிற வரிய கார் லோனு, இன்சூரன்ஸ், பெட்ரோலு, டவுன்டவுன் பார்க்கிங்னு வேற பாக்கெட்ல இருந்து எடுத்துருவாங்க, வீட்டுக்காரி லைசென்ஸ் எடுத்தா ரெண்டாவது காரு வேற.

அட்லாண்டா, டல்லாஸ் லிஸ்ட்ல இல்லையான்னு கேப்பீங்க. அட்லாண்டா பீச்ட்ரீ தெருவ ஒட்டி டவுன்டவுன், மிட்டவுன், பக்ஹெட்னு மூணு மணி கோத்த மாதிரி நீளமா கிடக்கு, மார்ட்டா ரயிலு மூணையும் சேத்து ஏர்போர்ட் வரைக்கும் போகும், குடி போறதுன்னா டவுன்டவுன விட்டுட்டு மிட்டவுன். டல்லாஸ்ல டவுன்டவுனுக்கும் அப்டவுனுக்கும் நடுவுல இருந்த ஃப்ரீவே மேல 2012ல க்ளைட் வாரன் பார்க்கப் போட்டதும் ரெண்டு பக்கமும் ஒண்ணாச்சு, ஆனா நம்ம ஆளும் வேலையும் பிளேனோ, ஃப்ரிஸ்கோ, இர்விங்னு போயிருச்சு. இவனுக்கு ஆபீஸ் அங்க இல்ல, அதனால விட்டாச்சு.

நீங்க எந்த ஊரு பாக்குறதா இருந்தாலும் கூகுள் மேப்ல சேட்டிலைட் வியூ போட்டு டவுன்டவுன் மேல நின்னு சாம்பல் கலர்ல கட்டம் கட்டமா கார் நிக்கிற எடத்த எண்ணிப் பாருங்க. எண்ணி முடியலன்னா அந்த ஊர விட்ருங்க. அப்புறம் ஆபீஸ்ல இருந்து நாலு திசையும் ஸ்ட்ரீட் வியூல நடந்து போங்க, எந்த எடத்துல கடை நின்னு போயி ஃப்ரீவே தூணு வருதுன்னு பாத்தா அதுதான் அந்த ஊரோட நெஜமான அளவு. மளிகைக் கடை ஞாயித்துக்கிழம எத்தன மணிக்கு மூடுதுன்னு பாருங்க, ஆறு மணிக்கு மூடுனா அந்த ஏரியா ஆபீஸ்காரனுக்குக் கட்டுனது, ராத்திரி பத்து வரைக்கும் இருந்தா குடியிருக்கறவனுக்குக் கட்டுனது.

எங்கிட்ட கேட்டா சிகாகோன்னுதான் சொல்லுவேன், சொன்னேன். வியாழக்கிழம ராத்திரி போன் பண்ணி, "அண்ணே அவ ஜனவரி டெம்பரேச்சரப் பாத்துட்டா, மைனஸ்ல இருக்கு, முடியாதுங்கறா. பிலடெல்பியான்னு மெயில் போட்டுட்டேன்"னான். சியாட்டில வாடகையப் பாத்து அவனே விட்டுட்டான், ஹூஸ்டன் அந்த டனல் கதையிலயே போச்சு. அவளுக்கு இன்னொரு கணக்கும் இருந்திருக்கு, பிலடெல்பியாவோட செப்டா ட்ரெயின்ல ட்ரென்டன் போயி அங்க நியூஜெர்சி ட்ரெயின் மாறி மெட்ரோபார்க்ல எறங்குனா பக்கத்துலயே ஓக் ட்ரீ ரோடு, நம்ம ஊர்க் கடைங்க நெறஞ்ச தெரு, அவ பெரியம்மா வீடும் அங்க பக்கத்துலதான்.

குடி போயி மூணு வாரம் ஆச்சு. சவுத் ஸ்ட்ரீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி ரோ ஹவுஸ்ல மூணாவது மாடி, அவ தெனம் ரிட்டன்ஹவுஸ் ஸ்கொயர் வரைக்கும் நடந்து போயி அங்க நாய் கூட்டிட்டு வர்ற பாட்டிங்களோட பழக்கமே ஆயிட்டா. இவன் மட்டும் எனக்கு ஒரு போட்டோ அனுப்பிருந்தான், ஏணி மாதிரி செங்குத்தா, ஒரு ஆளு போற அகலத்துக்கு மரப்படி, கீழ்ப் படில ஒரு இருபது பவுண்டு பொன்னி அரிசி மூட்டை. கீழ ஒரு வரி, "டவர் இல்லாம அடர்த்தின்னு அழகா சொன்னீங்களேண்ணே, லிஃப்ட் இல்லாமன்னு ஏன் சொல்லல?"